திசை திரும்பும் குளிர்பதனச் சுற்று

ஏசியும் ஹீட் பம்ப்பும் வேலையால் வேறு, உறுப்புகளால் ஒன்று. ஏசி அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் கொண்டுவருகிறது. வெப்பம் தானாகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் போகும். அதை எதிர்த்திசையில் ஏற்ற வேண்டுமானால், கிணற்று நீரை மேட்டுக்கு இறைப்பதுபோல, வெளியிலிருந்து வேலை கொடுத்தாக வேண்டும். அந்த வேலையைக் கொடுப்பது கம்ப்ரசர். வெளிக்காற்று 0 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் அதில் எடுக்கத்தக்க வெப்பம் உண்டு. அதைவிடக் குளிர்ந்த ஒரு பொருள் அந்தக் காற்றில் இருந்தால் போதும், வெப்பம் அதற்குள் பாயும்.

இதன் பலன் சிறிதல்ல. மின் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் தரும். அதற்கு மேல் எதுவும் கிடைக்காது. அறை 20 டிகிரியிலும் வெளிக்காற்று 0 டிகிரியிலும் இருக்கும்போது, இயற்பியல் விதிப்படி ஒரு ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய 14.7 யூனிட் வெப்பத்தை அறைக்குள் சேர்க்கலாம். இது எந்த இயந்திரமும் எட்ட முடியாத உச்சவரம்பு. வெப்பத்தை வாங்கவும் விடவும் வைத்த குழாய்ச் சுருள்களான காயில்களில் வெப்பம் பாய வேண்டுமானால் அங்கே வெப்பநிலை வேறுபாடு இருந்தாக வேண்டும். கம்ப்ரசரிலும் மோட்டாரிலும் இழப்பு உண்டு. குழாய்களில் அழுத்தம் குறையும். எல்லாம் போக நல்ல இயந்திரம் 3 முதல் 4 யூனிட் வரை தருகிறது. ஹீட்டரோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய லாபம்.

சிந்தனை பழையது. ஆவியை அழுத்தித் திரவமாக்கி மீண்டும் ஆவியாக்கும் சுற்றுக்கு ஜேக்கப் பெர்கின்ஸ் 1834ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே வகை இயந்திரம் போதும் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852லேயே எழுதினார். அவர் எண்ணியது காற்றையே பயன்படுத்தும் இயந்திரம். 1938ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரமன்றத்தில் லிம்மத் ஆற்று நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் இயங்கத் தொடங்கியது. ஆனால் வீட்டுச் சுவரில் மாட்டும் சிறிய இயந்திரம் ஒரு பட்டனை அழுத்தியதும் குளிர்விப்பதிலிருந்து சூடாக்குவதற்கு மாறுவது தனியொரு பொறியியல் சிக்கல். கேட்பதற்கு எளிது, செய்யும்போது சுற்றின் ஒவ்வோர் உறுப்பும் எதிர்ப்புத் தெரிவிக்கிறது.

முதலில் சுற்று. சுற்றில் ஓடும் குளிர்பொருளை மெக்கானிக்குகள் 'கேஸ்' என்றே சொல்வார்கள். ஆனால் சுற்றில் அது பாதி நேரம் திரவமாகவே இருக்கிறது. இன்று வீட்டு ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்-32ஐ எடுத்துக்கொண்டால், சாதாரணக் காற்றழுத்தத்தில் அது சுமார் மைனஸ் 52 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தை 11 பாருக்கு உயர்த்தினால் 10 டிகிரியில் கொதிக்கும். 28 பாருக்கு உயர்த்தினால் 45 டிகிரியில் கொதிக்கும். கொதிக்கும் வெப்பநிலையை அழுத்தத்தால் நமக்கு வேண்டிய இடத்தில் வைக்கலாம் என்பதுதான் முழுத் தந்திரமும். அறைக்குள் உள்ள காயிலில் 11 பாரில் வைத்தால், 27 டிகிரி அறைக்காற்றின் வெப்பத்தை உறிஞ்சி அது ஆவியாகும். கம்ப்ரசர் அந்த ஆவியை 28 பாருக்கு அழுத்தி வெளிக்காயிலுக்கு அனுப்பினால், 35 டிகிரி வெளிக்காற்றிலும் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். அந்தத் திரவம் ஒரு குறுகிய வழியாக அழுத்தம் இழந்து மீண்டும் உள்காயிலுக்கு வருகிறது. கம்ப்ரசர், ஆவி திரவமாகும் கண்டென்சர், அழுத்தம் குறைக்கும் விரிவு வால்வு, திரவம் ஆவியாகும் எவாப்பரேட்டர் என்று நான்கே உறுப்புகள்.

சூடாக்க வேண்டுமானால் இரண்டு காயில்களும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். கம்ப்ரசர் ஒருபோதும் திசை மாறாது. அதன் வாயும் வாலும் நிரந்தரமானவை. ஆகவே கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் சூடான ஆவியை எந்தக் காயிலுக்கு அனுப்புவது, எந்தக் காயிலிலிருந்து இழுப்பது என்பதை வெளியே ஓர் உறுப்பு முடிவு செய்கிறது. அதுதான் நால்வழி வால்வு.

இது நேர்த்தியான உறுப்பு. ஒரு பித்தளை உருளை. அதன் ஒரு பக்கம் ஒரே ஒரு குழாய், எதிர்ப்பக்கம் வரிசையாக மூன்று குழாய்கள். தனியாக இருப்பது கம்ப்ரசரின் டிஸ்சார்ஜ், அதாவது அழுத்திய ஆவி வெளிவரும் வழி. மூன்றில் நடுவில் இருப்பது எப்போதும் சக்ஷன், அதாவது கம்ப்ரசர் ஆவியை இழுக்கும் வழி. ஓரங்களில் உள்ள இரண்டில் ஒன்று உள்காயிலுக்கும் மற்றது வெளிக்காயிலுக்கும் போகின்றன. உருளைக்குள் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு பிளாஸ்டிக் சறுக்கி இருக்கிறது. அது நடுக்குழாயையும் ஏதாவது ஓர் ஓரக்குழாயையும் சேர்த்து மூடி, அவற்றைத் தமக்குள் இணைக்கிறது. மூடப்படாத இன்னோர் ஓரக்குழாய்க்கு டிஸ்சார்ஜ் ஆவி நேராகப் போகிறது. சறுக்கி ஒரு பக்கம் நகர்ந்தால் குளிர்விப்பு. மறுபக்கம் நகர்ந்தால் சூடாக்கம்.

சறுக்கியை நகர்த்துவது மின்சாரம் அல்ல. மேலே பொருத்திய சோலினாய்டு என்னும் சின்ன மின்காந்தம், பைலட் வால்வு என்னும் ஒரு துணை வால்வை மட்டுமே அசைக்கிறது. உருளையின் இரு முனைகளில் ஒன்றை அந்தப் பைலட் வால்வு மெல்லிய குழாய் வழியாகச் சக்ஷன் பக்கத்தோடு இணைக்கிறது. அந்த முனையில் அழுத்தம் விழ, உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் அழுத்தம் அங்குள்ள பிஸ்டனையும் அதோடு இணைந்த சறுக்கியையும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. சுற்றில் இரு அழுத்தங்களுக்கும் போதிய வேறுபாடு இல்லையென்றால் சறுக்கி நகராது, அல்லது நடுவழியில் நின்றுவிடும். நடுவில் நின்றால் சூடான ஆவி நேரே சக்ஷனுக்குள் கசியும். இரு பக்க அழுத்தங்களும் ஒன்றையொன்று நெருங்கும். இயந்திரம் ஓடும், குளிரும் வராது, சூடும் வராது. இந்த அறிகுறி தேய்ந்த கம்ப்ரசரின் அறிகுறியோடு அப்படியே ஒத்துப்போகும். அதனால் நல்ல கம்ப்ரசரைக் கழற்றி எறிய நேர்கிறது. பிரித்தறிய வழி உண்டு: வால்வுக்குள் வரும் குளிர்ந்த ஓரக்குழாயின் வெப்பநிலையையும் வெளியேறும் நடுக்குழாயின் வெப்பநிலையையும் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நடுக்குழாய் தெளிவாகச் சூடாக இருந்தால் கசிவு வால்வுக்குள்தான். பழுதடைந்த வால்வை மாற்றும்போது குழாய்களை ஒட்டவைக்கும் பிரேஸிங் சூட்டில் சறுக்கி உருகிவிடும் என்பதால் வால்வு உடலை ஈரத்துணியால் சுற்றியே வேலை செய்ய வேண்டும். அவசரத்தில் இந்தத் துணியை விட்டுவிட்டால் புதிய வால்வும் முதல் நாளே வீணாகும்.

சோலினாய்டுக்கு மின்சாரம் இல்லாதபோது சுற்று எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் வடிவமைப்பின் பகுதியே. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் மின்சாரம் கொடுத்தால்தான் சூடாக்கும்; சோலினாய்டு எரிந்துபோனால் இயந்திரம் குளிர்விப்பில் நிற்கும். கடுங்குளிர் நாடுகளுக்குச் செய்யும் சிலவற்றில் இது நேர்மாறு. குளிரில் உறைந்துகிடக்கும் வீட்டில் வால்வு கெட்டாலும் சூடு நிற்கக்கூடாது என்பது அங்கே நியாயமான கவலை.

நால்வழி வால்வுக்கு ஒரு விலையும் உண்டு. 70, 80 டிகிரி ஆவியும் 10 டிகிரி ஆவியும் அந்தச் சறுக்கியின் இரு பக்கமும் ஓடுகின்றன. கொஞ்சம் வெப்பம் கடந்துபோகும், கொஞ்சம் ஆவி கசியும், சக்ஷன் பாதையில் கொஞ்சம் அழுத்தம் விழும். குளிர்விக்க மட்டுமே செய்யும் இயந்திரத்துக்கு இந்த இழப்புகள் எதுவும் இல்லை.

திசையைத் திருப்பியதும் முதல் தகராறு விரிவு உறுப்பில் தொடங்குகிறது. சிறிய இயந்திரங்களில் அது ஒரு கேப்பிலரி, அதாவது மிகக் குறுகிய துளை கொண்ட நீண்ட செப்புக்குழாய். அதற்குத் திசை கிடையாது, எந்தப் பக்கமும் ஓடும். ஆனால் அளவு ஒரே அளவு. குளிர்காலத்தில் எவாப்பரேட்டரின் அழுத்தம் குறைவு, ஆவி மெலிந்தது. கம்ப்ரசர் ஒரு சுற்றுக்கு இழுக்கும் எடை குறைகிறது. அப்போது அதே கேப்பிலரி அதிகத் திரவத்தை விட்டுவிடும். ஆகவே இரண்டு கேப்பிலரிகளைத் தொடராக வைத்து, ஒன்றுக்குக் குறுக்கே ஒருவழி வால்வைப் போடுகிறார்கள். குளிர்விக்கும்போது ஒருவழி வால்வு திறந்து ஒரு கேப்பிலரியைத் தாண்டிவிடும். சூடாக்கும்போது அது மூடி, திரவம் இரண்டையும் கடக்கும். மலிவான தீர்வு, இரண்டே இரண்டு நிலைகளுக்கு மட்டும் சரியான தீர்வு.

கேப்பிலரிக்குப் பதில், வெப்பநிலைக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டிக் விரிவு வால்வு வைத்தால் காயிலுக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒருவழி வால்வும் வேண்டும். அல்லது நான்கு ஒருவழி வால்வுகளைப் பாலம்போல் அமைத்து, சுற்று எந்தத் திசையில் ஓடினாலும் நடுவில் உள்ள வால்வுக்குள் திரவம் ஒரே திசையில் போகும்படி செய்யலாம். இந்தப் பாலம் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் டிரையர் ஒருவழிப் பொருள். அதில் திசை மாறி ஓடினால் பிடித்து வைத்த அழுக்கையெல்லாம் திருப்பிக் கக்கிவிடும். பாலத்துக்குள் வைத்தால் அந்தப் பயம் இல்லை. இல்லையென்றால் இருவழி டிரையர் வாங்கிப் போட வேண்டும். விரிவு வால்வின், வெப்பநிலையை உணரும் குமிழை நால்வழி வால்வுக்கும் கம்ப்ரசருக்கும் இடையே உள்ள சக்ஷன் குழாயில் கட்டுவதே நல்லது. அந்த ஒரு துண்டுக் குழாய்தான் இரு பருவத்திலும் குளிர்ந்தே இருக்கும்.

எலெக்ட்ரானிக் விரிவு வால்வு வந்தபின் இவற்றில் பல சிக்கல்கள் மறைந்தன. அதில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் ஊசியை ஏறக்குறைய 500 படிகளில் நகர்த்துகிறது. இரு திசையிலும் ஓடும். எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைச் சென்சார்களைப் பார்த்துக் கட்டுப்பாட்டுப் பலகை முடிவு செய்கிறது. வேகம் மாறும் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு இதுவே தகுந்த துணை. கேப்பிலரியும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இருக்கும் இருவழி இயந்திரம் விலையைக் குறைக்கச் செய்த சமரசம் என்றே கொள்ள வேண்டும்.

வீட்டு ஸ்பிளிட் இயந்திரங்களில் விரிவு உறுப்பு வெளி யூனிட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதனால் குளிர்விக்கும்போது மெல்லிய குழாயில் ஓடுவது வெதுவெதுப்பான திரவம் அல்ல. ஏற்கெனவே அழுத்தம் இழந்து குளிர்ந்த கலவை. ஆகவே இரண்டு குழாய்களுக்கும் இன்சுலேஷன் வேண்டும், அதுவும் தனித்தனியாக. இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் குளிர்விப்பில் பெரிய கேடு தெரியாது, இரண்டும் குளிர்ந்தவையே. சூடாக்கும்போது பருத்த குழாயில் 70 டிகிரி ஆவியும் மெல்லிய குழாயில் அதன் பாதியளவு சூடுள்ள திரவமும் உரசிக்கொண்டு போகும். அறைக்குப் போக வேண்டிய வெப்பம் வழியிலேயே திரும்பி வெளியேறும்.

அடுத்த தகராறு காயில்களில். எவாப்பரேட்டருக்கும் கண்டென்சருக்கும் விருப்பங்கள் எதிரெதிர். எவாப்பரேட்டரில் ஆவி மெலிந்தது, வேகமாக ஓடும், அழுத்தம் எளிதில் விழும். ஆர்-32 5 டிகிரியில் கொதிக்கும்போது 0.3 பார் அழுத்தம் விழுந்தால் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறைந்துவிடும். அந்த ஒரு டிகிரிக்கும் கம்ப்ரசர் மின்சாரம் செலவழிக்கும். அதே 0.3 பார் கண்டென்சரில் 45 டிகிரியில் விழுந்தால் இழப்பு அரை டிகிரிக்கும் குறைவு. ஆகவே எவாப்பரேட்டர் பல இணைப் பாதைகளாகப் பிரிய விரும்புகிறது. கண்டென்சரோ சில பாதைகளில் வேகமாக ஓடி வெப்பத்தை நன்கு விட விரும்புகிறது. ஒரே காயில் இரண்டாகவும் இருக்க வேண்டுமானால் நடுவழி ஒன்றே உண்டு: ஆவி முனையில் பல பாதைகள், திரவ முனையை நெருங்கும்போது இரண்டிரண்டாகச் சேர்ந்து குறைந்த பாதைகள். திரவத்துக்கு இடம் குறைவாகப் போதும் என்பதால் இது இரு திசையிலும் ஓரளவு பொருந்துகிறது.

காற்றின் திசையும் கணக்கில் வரும். கண்டென்சரில் குளிர்பொருளும் காற்றும் எதிரெதிராகப் போவது நல்லது: சூடான ஆவி காற்று வெளியேறும் வரிசையில் நுழைந்து, குளிர்ந்த திரவமாகக் காற்று நுழையும் வரிசையில் வெளியேற வேண்டும். அப்போதுதான் திரவம் கொதிநிலைக்குக் கீழே நன்கு குளிரும். இப்படிக் கட்டிய காயிலைத் திருப்பினால் எவாப்பரேட்டரில் இரண்டும் ஒரே திசையில் போகும். இது கெடுதல்போலத் தோன்றினாலும் ஆர்-32 போன்ற ஒற்றைப் பொருளுக்கு இது கெடுதலே அல்ல. எவாப்பரேட்டரில் அழுத்தம் விழுந்துகொண்டே போவதால் கொதிநிலையும் வழிநெடுகக் குறைகிறது, காற்றும் வழிநெடுகக் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. ஆர்-407சி போன்ற கலவைகளில் கதை வேறு. அவை கொதிக்கும்போது வெப்பநிலை 5, 6 டிகிரி ஏறிக்கொண்டே போகும். அங்கே ஒரே திசை ஓட்டம் உண்மையான இழப்பு. திசை திருப்பும் இயந்திரங்களுக்கு ஒற்றைப் பொருளோ, ஏறக்குறைய ஒற்றைப் பொருள்போல நடந்துகொள்ளும் ஆர்-410ஏயோ விரும்பப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி இந்தச் சுற்றின் மிகக் கடினமான கேள்வி: திரவம் எங்கே இருக்கிறது? 40 டிகிரியில் ஆர்-32 திரவத்தின் ஒரு லிட்டர் 900 கிராமை நெருங்கும். எவாப்பரேட்டரில் உள்ள ஆவியின் ஒரு லிட்டர் 30 கிராம்தான். ஆகவே சுற்றில் உள்ள கேஸின் எடையில் பெரும்பகுதி திரவம் இருக்கும் இடத்திலேயே இருக்கும். அந்த இடம் பெரும்பாலும் கண்டென்சரும் அதையடுத்த திரவக் குழாயும். ஸ்பிளிட் ஏசியில் வெளிக்காயில் பெரியது, உள்காயில் சிறியது. குளிர்விக்கும்போது பெரிய காயில் கண்டென்சராக இருந்து நிறையத் திரவத்தை வைத்துக்கொள்கிறது. சூடாக்கும்போது சிறிய காயில் கண்டென்சராகிறது. அதில் அவ்வளவு திரவத்துக்கு இடமில்லை. மிஞ்சிய திரவம் உள்காயிலின் குழாய்களை நிரப்பி, ஆவி திரவமாவதற்கு உரிய பரப்பை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறும், மின்சாரம் ஏறும், சூடு குறையும். அல்லது மிச்சம் எவாப்பரேட்டர் வழியாகக் கம்ப்ரசருக்கு வந்துசேரும். திரவத்தை அழுத்த முடியாது. கம்ப்ரசருக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை.

மிஞ்சிய திரவத்துக்கு ஓர் இருப்பிடம் கொடுத்தாக வேண்டும். எளிய வழி, சக்ஷன் பாதையில் அக்குமுலேட்டர். வரும் திரவம் அடியில் தங்கும். உள்ளே உள்ள யூ வடிவக் குழாய் மேலிருந்து ஆவியை மட்டும் இழுக்கும். அந்தக் குழாயின் அடியில் ஒரு சிறு துளை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்பும். மலிவானது, உயிர்காக்கும் உறுப்பு. ஆனால் அங்கே திரவம் தேங்கியிருக்கும்வரை எவாப்பரேட்டரிலிருந்து வெளிவருவது ஈர ஆவியே என்பதால் ஆவி கொதிநிலையைவிட எவ்வளவு சூடு என்னும் சூப்பர்ஹீட்டைக் கொண்டு விரிவு வால்வைக் கட்டுப்படுத்த முடியாது.

இன்னொரு வழி மிகப் புத்திசாலித்தனமானது. திரவக் குழாயோடு இணைந்த ஒரு சிறு பாத்திரத்தின் நடுவே, வெளிக்காயிலின் ஆவிக்குழாய் ஊடுருவிப் போகிறது. சூடாக்கும்போது அந்தக் குழாயில் குளிர்ந்த சக்ஷன் ஆவி ஓடும். பாத்திரம் குளிர்ந்து, மிஞ்சிய திரவம் அதற்குள் சேர்ந்துகொள்ளும். குளிர்விக்கும்போது அதே குழாயில் சூடான டிஸ்சார்ஜ் ஆவி ஓடும். பாத்திரத்தில் உள்ளது கொதித்துச் சுற்றுக்குத் திரும்பும். மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை. பருவம் தானே திரவத்தை எடுத்து வைக்கிறது, தானே திருப்பித் தருகிறது. எல்லாவற்றிலும் தேர்ந்த ஏற்பாடு, இரண்டு எலெக்ட்ரானிக் விரிவு வால்வுகளுக்கு நடுவே, திரவத்தைத் தேக்கும் ரிசீவர் வைப்பது. முன்வால்வு கண்டென்சரில் எவ்வளவு திரவம் நிற்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. பின்வால்வு எவாப்பரேட்டருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்கிறது. மிச்சம் நடுவில் காத்திருக்கிறது. திசை திரும்பினால் வால்வுகள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. செலவு கூடுதல்தான், ஆனால் இருவழிச் சுற்றுக்கு இதுவே நேர்மையான விடை.

வெளிக்காயிலை மைக்ரோசேனல் வகையில் செய்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். நுண்ணிய அலுமினியத் தடங்களில் இடம் மிகக் குறைவு. அப்போது குளிர்விக்கும்போதே திரவம் மிஞ்சும். காயில் வகையை மாற்றிவிட்டு மற்றதைப் பழையபடி விடுவது பலமுறை தொல்லை கொடுத்த தவறு.

கேஸ் நிரப்பும் வேலையிலும் இதன் விளைவு உண்டு. ஒன்றரை டன் வீட்டு இயந்திரத்தில் கேஸ் ஒரு கிலோவுக்கு முன்பின் இருக்கும். ஐம்பது, நூறு கிராம் வித்தியாசமே செயல்திறனைக் கெடுக்கும். அழுத்தமானியைப் பார்த்து 'டாப்-அப்' செய்யும் பழக்கம் குளிர்விக்க மட்டும் செய்யும் இயந்திரத்திலேயே தவறு. இருவழி இயந்திரத்தில் இரட்டைத் தவறு. காலியாக்கி, வெற்றிடம் எடுத்து, தராசில் எடை போட்டு நிரப்புவது ஒன்றே சரி. இன்னும் ஓர் எச்சரிக்கை: சர்வீஸ் வால்வு பருத்த குழாயில் இருக்கும். குளிர்விக்கும்போது அங்கே 10 பார் அளவில் காட்டும். சூடாக்கும்போது அதே இடத்தில் 28 பார் டிஸ்சார்ஜ் அழுத்தம் நிற்கும். பழக்கத்தில் தாழ்வழுத்தக் குழலை அங்கே மாட்டுவது ஆபத்து.

பருத்த குழாயின் அளவைத் தீர்மானிப்பதும் குளிர்விப்பே, ஏனென்றால் மெலிந்த சக்ஷன் ஆவி அப்போதுதான் அதில் ஓடுகிறது. மிகப் பருத்துவிட்டால் ஆவியின் வேகம் குறைந்து, கம்ப்ரசரிலிருந்து தப்பிவந்த எண்ணெய் குழாயிலேயே தங்கிவிடும். இன்வெர்ட்டர் குறைந்த வேகத்தில் ஓடும்போது இது அதிகம். அதனால் பல இயந்திரங்கள் இடையிடையே சில நிமிடம் வேகமாக ஓடி எண்ணெயை இழுத்துவருகின்றன.

குளிர்காலத்துக்கே உரிய தொல்லை உறைபனி. வெளிக்காற்று 5 டிகிரியில் இருக்கும்போது அதிலிருந்து வெப்பம் எடுக்கும் காயில் 0 டிகிரிக்குக் கீழே போகிறது. காற்றின் ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. பனி காயிலின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு இடையே அடைத்துக்கொள்ள, காற்று குறைகிறது. காற்று குறைய, காயில் இன்னும் குளிர்கிறது. இன்னும் பனி படிகிறது. மிக மோசமானது கடுங்குளிர் அல்ல. மைனஸ் 15 டிகிரியில் காற்றில் ஈரமே குறைவு. 0 முதல் 5 டிகிரி வரை உள்ள ஈரக்காற்றுதான் எதிரி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகமண்டலத்தில் புல்வெளிகளில் உறைபனி படியும் வேளைதான் இந்த இயந்திரங்களுக்கு ஏறக்குறைய சோதனைக் காலம்.

பனியை நீக்க நால்வழி வால்வையே பயன்படுத்துகிறார்கள். கம்ப்ரசர் வேகம் குறையும், வால்வு திரும்பும், சூடான ஆவி வெளிக்காயிலுக்குப் போகும். இரு விசிறிகளும் நிற்கும்: வெளிவிசிறி ஓடினால் வெப்பம் காற்றில் போய்விடும், உள்விசிறி ஓடினால் அறைக்குள் குளிர்காற்று வீசும். ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். காயிலில் 2 கிலோ பனி இருந்தால், 4 கிலோவாட் வெப்பம் கிடைக்கும் இயந்திரத்துக்கு உருக்க மட்டும் மூன்று நிமிடம் பிடிக்கும். உலோகத்தைச் சூடாக்கவும் நீர் வடியவும் சேர்த்தால் இன்னும் சில நிமிடம்.

இந்தச் சில நிமிடங்கள்தான் சுற்றுக்கு மிக ஆபத்தானவை. திரும்பிய கணத்தில், அதுவரை கண்டென்சராக இருந்து திரவம் நிரம்பியிருந்த உள்காயில் திடீரென்று சக்ஷன் பக்கமாகிவிடுகிறது. அங்குள்ள திரவம் முழுவதும் கம்ப்ரசரை நோக்கிப் பாய்கிறது. அக்குமுலேட்டரின் கொள்ளளவை முடிவு செய்வது இந்தக் கணமே. சாதாரண ஓட்டம் அல்ல. தவிர, உள்விசிறி நின்றிருப்பதால் வெப்பம் எடுக்க இடமில்லை. சக்ஷன் அழுத்தம் சரிகிறது. வெந்நீர்ச் சுற்றோடு இணைந்த ஹீட் பம்ப்புகளில் தொட்டி நீரிலிருந்து வெப்பம் கிடைக்கும். அங்கே வேறு பயம்: தகட்டு வெப்பமாற்றியில் நீர் ஓட்டம் நின்றால் நீர் உறைந்து தகடு வெடிக்கும். அதனால்தான் அந்தச் சுற்றில் இவ்வளவு நீராவது இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள்.

கடிகாரத்தைப் பார்த்து மணிக்கு ஒருமுறை பனி நீக்குவது பழைய முறை. காய்ந்த இரவிலும் அது வீணாகத் திரும்பும். காயில் வெப்பநிலையும் காற்று வெப்பநிலையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் திரும்புவதே சரியான கட்டுப்பாடு. உருகிய நீர் வெளி யூனிட்டின் அடித்தட்டில் மீண்டும் உறையாமல் வடிய வேண்டும். காயிலின் அடிவரிசையில் எப்போதும் சற்றுச் சூடான திரவம் ஓடும்படி பாதை அமைப்பதற்கு இதுவே காரணம்.

கடுங்குளிரில் சுற்று தன் எல்லையைத் தொடுகிறது. வெளியே மைனஸ் 15 டிகிரி என்றால் எவாப்பரேட்டர் மைனஸ் 25க்கு அருகில் இயங்க வேண்டும். அங்கே ஆர்-32ன் அழுத்தம் 3.3 பார் அளவு. அதை 28 பாருக்கு உயர்த்தினால் அழுத்த விகிதம் 8ஐத் தாண்டும். கோடையில் அது இரண்டரைதான். ஆவியின் அடர்த்தி கோடையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்காகிறது. வீடு அதிக வெப்பம் கேட்கும் வேளையில் இயந்திரத்தின் திறன் சரிகிறது. ஆர்-32ல் டிஸ்சார்ஜ் வெப்பநிலையும் எகிறி எண்ணெயைக் கெடுக்கும். கம்ப்ரசரின் நடுவழியில் குளிர்ந்த ஆவியைச் செலுத்தும் ஏற்பாடு இதற்கு மருந்து: டிஸ்சார்ஜ் சூடு தணிகிறது, கண்டென்சருக்குப் போகும் எடையும் கூடுகிறது.

குளிர்பொருளின் தேர்வும் இந்தத் திரவக் கணக்கை விட்டு விலகவில்லை. ஓசோனைச் சிதைக்கும் ஆர்-22ஐ 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் பிந்தைய திருத்தங்கள் வெளியேற்றத் தொடங்கின. அதற்குப் பின்வந்த ஆர்-410ஏ புவி வெப்பத்தை உயர்த்துவதில் கரியமில வாயுவைப்போல் 2088 மடங்கு. 2016 கிகாலி திருத்தம் அத்தகையவற்றைக் குறைக்கச் சொல்கிறது. ஆர்-32 அந்தக் கணக்கில் 675. புரொப்பேனாகிய ஆர்-290க்கு 3 மட்டுமே. இந்தியாவில் 2012லிருந்தே அதைக் கொண்ட ஏசிகள் விற்கப்படுகின்றன. ஆனால் அது சமையல் வாயுவைப்போல் எரியும். வீட்டுக்குள் எவ்வளவு கிராம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. கேஸைக் குறைக்க வேண்டுமானால் ரிசீவரும் பெரிய அக்குமுலேட்டரும் சுமையாகிவிடுகின்றன. ஆனால் இருவழிச் சுற்றுக்கு அவையே தேவை. ஐரோப்பாவில் கண்ட வழி, சுற்று முழுவதையும் வீட்டுக்கு வெளியே ஒரே பெட்டியில் வைத்து, உள்ளே நீரை மட்டும் அனுப்புவது.

எந்த இருவழி இயந்திரமும் இரு பருவத்துக்கும் சமமாக நல்லதாக இருக்க முடியாது. வடிவமைப்பவர் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். ஐரோப்பியப் பொறியாளர் சூடாக்கத்தின் பக்கம் சாய்கிறார். இந்தியச் சமவெளிக்குச் செய்பவர் குளிர்விப்பின் பக்கம் சாய்கிறார். இரண்டும் அந்தந்த இடத்தில் நியாயம். சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி தேவையே இல்லை. பயன்படாத ஒரு வால்வுக்குப் பணமும், அதன் இழப்புக்கு ஆண்டெல்லாம் மின்சாரமும் கொடுப்பதாகும். உதகை, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலையூர்களில் ஹீட்டருக்குப் பதில் அது நல்ல முதலீடு. ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய எண் விளம்பரத்தில் இருப்பதல்ல. சூடாக்கும் திறன் பொதுவாக வெளிக்காற்று 7 டிகிரியில் இருக்கும்போது அளக்கப்படுகிறது. அங்கே உறைபனித் தொல்லை இல்லை. அதே சோதனை விதிகளில் 2 டிகிரி ஈரக்காற்றில், பனி நீக்கும் நேரத்தையும் சேர்த்து அளக்கும் நிலையும் உண்டு. அந்த 2 டிகிரி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்ல முடியாத விற்பனையாளரிடம் மலைக்குக் கொண்டுபோக இயந்திரம் வாங்க வேண்டாம்.